பிரிண்டர் வாங்கப் போறீங்களா? மை விலையை முதல்ல கேளுங்க!



சமையல் குறிப்பு, கோலம், குழந்தை வளர்ப்பு என்று நம் பகுதிக்கு எத்தனையோ எழுதுகிறோம். இந்த முறை நான் எழுதப் போவது பிரிண்டரைப் பற்றி. சிரிக்காதீர்கள்! மிக்ஸி, கிரைண்டர் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிற நாம், பிரிண்டர் என்றதும் 'அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் ராத்திரி எட்டரை மணிக்கு, "அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட்ல கலர் படம் ஒட்டணும்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது, அடுப்பை அணைத்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவது யார்? நாம்தானே!

எங்களுக்குத் தூத்துக்குடியில் பிரையண்ட் நகர் பக்கம் வீடு. கணவருக்கு ஹார்பர் வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். மகள் பிளஸ் டூ, மகன் ஏழாம் வகுப்பு. அத்தையும் (என் மாமியார்) எங்களோடுதான் இருக்கிறார். பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் ஒன்றாக உள்ள 'ஆல் இன் ஒன்' மெஷின் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதிலிருந்து தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள், "என்ன கம்பெனிக்கா? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுவிட்டார்கள். கம்பெனி பேரைக் கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால்தான் இந்தக் கடிதம்.

நான் முதலில் கடைக்குப் போகவில்லை. ஒரு மாசம், பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே ஜெராக்ஸ் கடைச் செலவையும் குறித்து வந்தேன். எங்கள் தெருமுனைக் கடையில் கறுப்பு வெள்ளை ஒரு பக்கம் 2 ரூபாய், கலர் 10 ரூபாய், ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்ப 20 ரூபாய். அந்த மாசம் கறுப்பு வெள்ளை 86, கலர் 31, ஸ்கேன் 4. மொத்தம் 562 ரூபாய்! போக வர நடந்த நடையும், 'கரண்ட் இல்லை, அப்புறம் வாங்க' என்ற பதிலும் இதில் சேராது. பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று பர்சிலிருந்து போனதால் அதுவரை யாருக்கும் உறைக்கவே இல்லை.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். மாசம் நூறு ரூபாய்கூட வரவில்லை என்றால் பிரிண்டர் ஆசையை விட்டுவிடுங்கள். ஜெராக்ஸ் கடையே லாபம். சும்மா கிடக்கிற இங்க்ஜெட் தானாகவே கெட்டுப்போகும், அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி முதலில் காட்டியது நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒரு குட்டி மெஷின். ஸ்கேன், ஜெராக்ஸ், மொபைலில் இருந்து பிரிண்ட், எல்லாம் உண்டு. கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் கேட்டேன், "அண்ணாச்சி, இதுக்கு மை தீர்ந்தா என்ன விலை?" கறுப்பு கேட்ரிட்ஜ் எண்ணூறு ரூபாய்க்குப் பக்கம் என்றார். "எத்தனை பக்கம் வரும்?" அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். 120 பக்கம். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு மை மட்டுமே ஆறேழு ரூபாய்! ஜெராக்ஸ் கடையை விட மூன்று மடங்கு. இன்னொன்று, கலர் கேட்ரிட்ஜில் மூன்று நிறமும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். பிள்ளைகள் கடல் படமாகப் போட்டு நீலத்தைத் தீர்த்துவிட்டால், மஞ்சளும் சிவப்பும் மிச்சம் இருக்கும்போதே டப்பாவோடு தூக்கிப் போட வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் முத்துக்குளிப்பில், சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்களாம். உள்ளே முத்து இருந்தால் யோகம், இல்லாவிட்டால் வெறும் ஓடு. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அத்தை அப்போது சின்னப் பிள்ளை. பிரிண்டர் பெட்டி அப்படி இல்லை. எத்தனை பக்கம் வரும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறான், நாம்தான் படிப்பதில்லை.

அடுத்து அண்ணாச்சி காட்டியது 'இங்க் டேங்க்' மெஷின். பக்கவாட்டில் ஊறுகாய் பாட்டில் மாதிரி நாலு சின்னத் தொட்டி, மையை நாமே பாட்டிலில் இருந்து ஊற்றிக்கொள்ளலாம். விலைதான் பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கம். வீட்டில் சொன்னதும் அத்தை, "ஏ பிள்ள, பன்னெண்டாயிரத்துக்கு மை டப்பாவா? அதுக்கு ஒரு மூக்குத்தி எடுத்தா காலத்துக்கும் கெடக்குமே!" என்றார். நியாயமான கேள்விதான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

டேங்க் மெஷினுக்குக் கறுப்பு பாட்டில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கம்பெனிகள் சொல்லும் கணக்குப்படி எப்சனின் 003 எண் கறுப்பு பாட்டிலில் 65 மில்லி, 4,500 பக்கம் வரும். எச்.பி.யின் ஜி.டி.53-ல் 90 மில்லி, 4,000 பக்கம். கேனனின் ஜி.ஐ.790-ல் 135 மில்லி, 6,000 பக்கம். இந்தப் 'பக்கம்' என்பது வரிகளுக்கு நடுவில் வெள்ளை நிறைய விட்ட கடிதம் மாதிரிப் பக்கம். பிள்ளைகள் எடுக்கிற முழுப் பக்கப் படத்துக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது, மை பல மடங்கு இழுக்கும். எப்படிப் பார்த்தாலும் கறுப்பு வெள்ளை ஒரு பக்கத்துக்கு மைச் செலவு பத்துப் பன்னிரண்டு காசு. பேப்பர் அறுபது காசு என்று வைத்தால் எழுபது காசில் முடிகிறது. கலர் படம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். ஆக, ஜெராக்ஸ் கடைக்கு 562 ரூபாய் போன இடத்தில் வீட்டில் 120 ரூபாய் போல ஆகும். மாசம் 440 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்பி வர இரண்டேகால் வருஷம்.

'இரண்டேகால் வருஷமா' என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது. வெறும் ப்ராஜெக்ட் படத்துக்காக மட்டும் என்றால் நானும் யோசித்திருப்பேன். ஆனால் எங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி டவுனுக்குள் தெருத் தெருவாக வெள்ளம். எங்கள் வீட்டிலும் பீரோவின் இரண்டாவது தட்டு வரை தண்ணீர் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக் காகிதங்களை எல்லாம் துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தது எனக்குப் பெரிய பாடம். ஜெராக்ஸ் பிரதிகள் சுருங்கி, சேறு படிந்து, ஆனாலும் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. பழைய டைப்ரைட்டர் எழுத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. பால் பாயிண்ட் பேனா எழுத்தும் தப்பியது. ஆனால் கலர் பிரிண்டரில் எடுத்திருந்தவை? ஒன்றுகூட மிஞ்சவில்லை. மகனின் ப்ராஜெக்ட் நோட்டு முழுக்க ஊதாக் கறை. அது போனால் போகிறது. அத்தையின் குடும்ப ஓய்வூதிய ஆர்டருக்கு வீட்டில் இருந்தது ஒரே ஒரு நகல், அதுவும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இங்க்ஜெட்டில் எடுத்தது. பி.பி.ஓ. நம்பர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு மேகம்தான் இருந்தது! அந்த நம்பரைத் திரும்பப் பெற பேங்குக்கும் ஆபீசுக்குமாக ஏழு தடவை அலைந்தோம். எழுபது வயசுக்காரியைக் கையைப் பிடித்துப் படியேற்றி இறக்கியது எனக்குத்தான் தெரியும்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இங்க்ஜெட் மையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று 'டை', அதாவது சாயம். கேசரிப் பவுடர் தண்ணீரில் கரைகிற மாதிரி முழுசாகக் கரைந்திருக்கும். காகிதத்துக்குள் ஊறிப் பளிச்சென்று தெரியும், தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்து ஓடிவிடும். இன்னொன்று 'பிக்மெண்ட்'. இது மிக மிக நைசான பொடி. அரிசி மாவைக் கரைத்தால் மாவு மாவாகவே மிதந்து, பிறகு படிகிறதல்லவா, அந்த மாதிரி. காகிதத்தின் மேல் படிந்து உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் பட்டாலும் லேசில் ஓடாது. ஜெராக்ஸ் மெஷினிலும் லேசர் பிரிண்டரிலும் இருப்பது மையே இல்லை, டோனர் என்கிற பொடி. அதை உருக்கி ஒட்டுகிறார்கள். அதனால்தான் எங்கள் ஜெராக்ஸ் பிரதிகள் வெள்ளத்தையும் தாண்டி நின்றன.

ஆகவே தோழியரே, கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "கறுப்பு மை டையா, பிக்மெண்டா?" எப்சன் 003 எண் மையில் நாலு நிறமும் டை. அதே கம்பெனியின் 001 எண் மை போடும் மெஷின்களில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட். கேனன் ஜி.ஐ.790, எச்.பி. ஜி.டி.53 இரண்டிலும் கறுப்பு பிக்மெண்ட்தான். மற்ற மூன்று நிறங்கள் வீட்டு டேங்க் மெஷின்களில் பெரும்பாலும் டைதான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். படத்துக்கு டை அழகு, பத்திரத்துக்குப் பிக்மெண்ட் கறுப்பு.

கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஒரு பக்கம் டெமோ பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். அஞ்சு நிமிஷம் காயவிட்டு, விரலைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது அண்ணாச்சி, "என்னக்கா, மெஷின் வாங்க வந்தியளா, புடவைச் சாயம் போகுதான்னு பாக்க வந்தியளா?" என்றார். புடவைக்குப் பார்க்கிறோமே, பென்ஷன் ஆர்டருக்குப் பார்க்கக் கூடாதா? சிரித்துக்கொண்டே இன்னொரு மெஷினிலும் எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் எழுத்து இழுவியது, மற்றதில் அப்படியே நின்றது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

வீட்டில் எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். பேப்பர் செட்டிங் 'பிளெயின் பேப்பர்' என்று இருக்கட்டும். 'போட்டோ பேப்பர்' என்று வைத்தால் பல மெஷின்கள் பிக்மெண்ட் கறுப்பைத் தொடாமல், மூன்று கலரையும் கலந்து கறுப்பு உண்டாக்கும். அது கரையும் கறுப்பு.

சொல்லப் போனால் எங்கள் வீட்டில் பிரிண்டரை விட அதிகம் உபயோகப்பட்டது மேலே இருக்கிற ஸ்கேனர் கண்ணாடிதான். வெள்ளத்துக்குப் பிறகு தொலைந்த சான்றிதழ்களுக்காகச் சிறப்பு முகாம்கள் நடந்தன. அரசாங்கம் கொடுத்தவற்றில் பலதை 2015-ல் வந்த டிஜிலாக்கரிலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாமனார் காலத்து வீட்டுப் பத்திரம், அத்தையின் பழைய பென்ஷன் ஆர்டர், கொழும்பிலிருந்த பெரியப்பா எழுதிய கடிதங்கள் எல்லாம் எந்த லாக்கரில் இருக்கும்? மெஷின் வந்த முதல் வாரமே நானும் மகளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரு பென் டிரைவிலும் மகளின் மெயிலிலும் போட்டுவிட்டோம். சான்றிதழுக்கு 300 டி.பி.ஐ. போதும். கூட்டினால் ஃபைல் பெரிதாகி, அப்ளிகேஷன் போடும்போது 'இத்தனை கே.பி.க்குள் வேண்டும்' என்று திருப்பி அனுப்பும்.

தாளை மேலே சொருகினால் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் வசதியை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பேங்க் பாஸ்புக், லேமினேஷன் அட்டை, மடித்து மடித்துக் கிழிந்த பத்திரம் இவற்றைப் படுக்கவைக்கத் தட்டைக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். விலை குறைந்த மெஷின்களின் ஸ்கேனருக்குக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். தடி புத்தகத்தின் நடு மடிப்பு மங்கலாகத்தான் வரும். அது மெஷின் கோளாறு இல்லை, லேசாக அமுக்கிப் பிடித்தால் ஓரளவு சரியாகும்.

இனி, மை காய்கிற விஷயம். எங்கள் ஊரில் உப்பு ஏன் விளைகிறது? மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். உப்பளத்தில் தண்ணீரை வற்றவைக்கிற அதே வெயிலும் காற்றும் பிரிண்டருக்குள் இருக்கிற மையையும் விடாது. தலைமுடியை விட மெல்லிய துவாரங்கள் வழியாகத்தான் மை தெறிக்கிறது. இரண்டு மூன்று வாரம் சும்மா கிடந்தால் அவை அடைத்துக்கொள்ளும். பிறகு 'கிளீனிங்' போட்டுப் போட்டே பாதி மை போய்விடும். போகிற மை மெஷினின் அடியில் இருக்கும் ஒரு பஞ்சில் போய்ச் சேரும். அது நிறைந்துவிட்டால் மெஷின் நின்றேவிடும், மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை நாலு நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கலர் கோலம். மார்கழிக்கு முன்பே ஒரு ஃபைல் சேர்ந்துவிட்டது!

மெஷினைச் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். முதலில் மெஷினில் உள்ள பட்டனை அமுக்கினால், மைத்தலை தன் இடத்துக்குப் போய் மூடி போட்டுக்கொள்ளும். அதன் பிறகுதான் சுவர் சுவிட்ச். பாதி பிரிண்டில் கரண்ட் போனால், வந்தவுடன் ஒருமுறை ஆன் செய்து ஒழுங்காக அணையுங்கள். இங்க்ஜெட்டுக்குக் கரண்ட் அதிகம் வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடும். லேசர் அப்படியில்லை, உருக்குவதற்குச் சூடு வேண்டும் என்பதால் திடீரென்று நிறைய இழுக்கும். ஆனால் கலரே தேவையில்லை, டியூஷன் எடுக்கிறேன், கேள்வித்தாள் மட்டும்தான் என்பவர்களுக்கு லேசரே மேல். மாசக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்வதற்கு அதில் மை இல்லை.

மை தெறிப்பதிலும் இரண்டு வழி உண்டு. 1977-ல் ஜப்பானில் கேனன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில், சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாக மை நிரப்பிய ஊசியில் பட்டு, மை பீய்ச்சியடித்ததாம். அதிலிருந்து பிறந்தது சூட்டில் தெறிக்கும் முறை. எச்.பி.யும் அந்த வழிதான். எப்சன் சூடு இல்லாமல், மின்சாரம் பட்டால் வளைகிற ஒரு துண்டை வைத்து மையைத் தள்ளுகிறது. நமக்கு இதில் என்ன வந்தது என்றால், கேனன், எச்.பி. டேங்க் மெஷின்கள் பலவற்றில் மைத்தலையைக் கழற்றி நாமே புதிதாக மாற்றலாம். எப்சனில் தலை மெஷினோடு சேர்ந்தது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒரேயடியாக அடைத்துக்கொண்டால் சர்வீஸ் ஆள்தான் வர வேண்டும். உங்கள் ஊரில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. நாங்கள் கழற்றி மாட்டுகிற வகையைத்தான் எடுத்தோம்.

மைத் தொட்டி வைத்த பிரிண்டரே நம்மைப் போன்ற வீடுகளால் வந்ததுதான். கேட்ரிட்ஜ் விலை கட்டாமல், வெளியே மைப் பாட்டிலை வைத்து ட்யூப் மாட்டி ஓட்டினார்கள் பல நாட்டுக்காரர்கள். அதைப் பார்த்து எப்சனே 2010-ல் இந்தோனேஷியாவில் தொட்டியோடு விற்க ஆரம்பித்தது. பிறகுதான் மற்ற கம்பெனிகளும் வழிக்கு வந்தன.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பேப்பர் கட்டைப் பிரித்துப் போட்டால் ஈரக் காற்றில் நமுத்த அப்பளம் மாதிரி ஆகி மெஷினுக்குள் சிக்கும். எடுத்தது போக மிச்சத்தை அதே உறையில் சுற்றி வையுங்கள். டேங்க் மெஷினில் மை ஊற்றிய பிறகு அதை ஸ்கூட்டரில் மடியில் வைத்தோ, சாய்த்தோ எடுத்துப் போகாதீர்கள், உள்ளே மை கொட்டிவிடும். பழுது என்றால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பில்லையும் உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள்!

மெஷினை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் பெரிய விவாதம். கணவர் ஹாலில் டி.வி. பக்கத்தில் என்றார், மகள் தன் மேஜையில் என்றாள். அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து போய், வெள்ளத்தன்று தண்ணீர் நின்ற கறை இன்னும் தெரிகிற சுவரைக் காட்டி, "இதுக்கு மேல எங்க வேணும்னாலும் வையி" என்றார். அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே பலகை அடித்து வைத்திருக்கிறோம். மகனுக்குத்தான் எட்டாது, ஸ்டூல் போட்டு ஏறுகிறான்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி.